மகளிர் ஒதுங்குமிடம்

தருவைமேட்டு உப்பளத்தில் நாற்பத்தொரு பெண்களுக்கு மூத்திரம் நின்றுபோன வருடம், மழை வழக்கத்தைவிட நன்றாகவே பெய்தது, கடல் தன் எல்லையில் கிடந்தது, பூநாரைகள் வந்து போயின, வேறு எந்தக் குறியும் எங்கும் தென்படவில்லை. முதலில் நின்றது என் மனைவி இசக்கியம்மாளுக்கு. மூத்திரம் என்ற சொல்லை முதல் வரியிலேயே எழுதிவிடுவது என்று முடிவுசெய்துதான் பேனாவைத் திறந்தேன். ஒருகாலத்தில் அதை எழுதக் கூசியதால் வந்ததுதான் இனிச் சொல்லப்போவது எல்லாம்.

தருவைமேடு என்று பெயரே தவிர அங்கே மேடு கிடையாது. கண் போகும் தூரம்வரை பாத்திகள், பாத்திகளுக்கு நடுவே ஒரு முழ அகல வரப்புகள், அங்கங்கே வெள்ளை வெளேரென்று உப்பு அம்பாரங்கள், அவற்றின்மேல் வெயில். ஒரு மரம் இல்லை, ஒரு புதர் இல்லை, ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் இல்லை. ஆண்களுக்குத் திரும்பி நின்றால் போதும். பெண்கள் திரும்பிய திசையிலெல்லாம் யாராவது நின்றார்கள்.

ஆகவே அவர்கள் அடக்கினார்கள். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது தொடங்கி, உப்பு வாரி, உப்பு சுமந்து, உப்பிலேயே நின்று, வீடு திரும்பும்வரை அடக்கினார்கள். அடக்குவதற்குச் சுலபமான வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது என்று கண்டுபிடித்து, கொதிக்கிற வெயிலில் வாயை நனைத்துத் துப்பினார்கள். புதிதாக வருகிற பெண்களுக்கு இதையெல்லாம் கற்றுக்கொடுத்தது இசக்கிதான். இடுப்புத்துணியை எவ்வளவு இறுக்க வேண்டும், மடையில் ஓடும் தண்ணீரை ஏன் பார்க்கக் கூடாது, பலகையால் உப்பை இழுக்கும்போது மூச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுக் கடைசியில் சொல்வாள்: "எது வந்தாலும் சிரிச்சிராதீங்க. சிரிச்சா போச்சு."

இருபத்தெட்டு வருடம் அவள் அந்த உப்பளத்தில் சிரிக்கவில்லை. பிறகு வீட்டிலும் சிரிக்கவில்லை. அதை நான் கவனிக்கவில்லை.

அடக்கம் என்று நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. பெண்ணைச் சொன்னால் அது குணம், பிணத்தைச் சொன்னால் அது புதைப்பது, தொழிலாளி பக்கம் திருப்பினால் அது அடக்குமுறை, பின்னாலேயே போலீஸ் வரும். மூன்றும் ஒரே வேர்தான் என்று, உப்பளத் தொழிலாளர் சங்கத் தலைவனாக நூறு மேடைகளில் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். நாலாவது அர்த்தம் என் வீட்டுக்குள்ளேயே தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் மற்றதையெல்லாம் சிறுபிரசுரங்களில் படித்துக் கற்றவன். சிறுநீரகத்தைப் பற்றியும் பதினாறு பக்கத்தில் ஒரு பிரசுரம் என் டிரங்குப் பெட்டியில் இருந்தது. முதுகுப்பக்கம், விலாவெலும்பு முடிகிற இடத்தில், ஆளுக்கு இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு கைமுட்டி அளவு. உடம்பில் ஓடுகிற ரத்தம் முழுவதும் திரும்பத் திரும்ப அங்கே வந்து வடிகட்டப்படுகிறது. ஒரு நாளைக்கு வடிவது பதினைந்து குடம் நீர். அதில் வெளியே போவது ஒன்றரை லிட்டர். எந்தக் குப்பையை எறியலாம் என்று அது தேடிக்கொண்டிருப்பதில்லை. அநேகமாக எல்லாவற்றையும் முதலில் வெளியே இறக்கிவிட்டு, பிறகு உடம்புக்கு வேண்டிய தண்ணீரை, சர்க்கரையை, உப்பை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் திரும்ப அழைத்துக்கொள்கிறது, அழைக்கப்படாதது மூத்திரமாகிறது. இவ்வளவு நியாயமான அலுவலகம் இந்த நாட்டில் வேறு எங்கும் இல்லை என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருந்தேன். கடல்நீரைவிட உப்பான மூத்திரத்தை மனிதச் சிறுநீரகத்தால் தயாரிக்க முடியாது, ஆகவே கடலைக் குடித்து மனிதன் வாழ முடியாது என்ற வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தேன். கோடு போட்டவன், உப்பில் நின்றுகொண்டு தண்ணீரும் குடிக்காதவள் கதி என்ன என்று இசக்கியைப் பார்த்துக் கேட்டதில்லை. காய்ச்சலும் இடுப்புவலியுமாக ஒரு பெண்ணை வரப்பிலிருந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம்தான் கோரிக்கைப் பட்டியலில் அதைச் சேர்த்தேன். ஒன்பதாவது கோரிக்கையாக.

எழுதும்போது கை கூசியது. நிர்வாகத்துக்குப் போகிற கடிதம், தொழிலாளர் அதிகாரி படிப்பார், சங்கத்தின் முத்திரை விழும் காகிதம். அதில் போய் மூத்திரம் என்றா எழுதுவது? எங்கள் பக்கத்துப் பெண்கள் ஒதுங்கப் போகிறேன் என்றுதான் சொல்வார்கள். ஆகவே நல்ல தமிழில், கௌரவமாக, "பெண் தொழிலாளர்களுக்கு ஒதுங்குமிடம் அமைத்துத் தர வேண்டும்" என்று எழுதினேன். பதினொரு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு முதலாளி ஒன்பதாவது கோரிக்கையை வரிக்கு வரி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எங்களுக்கு மாலை போட்டு ஊர்வலமாகக் கூட்டிப்போனார்கள்.

ஒரு மாதத்தில் ஒதுங்குமிடம் வந்தது. நான்கு இரும்புக் கால், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு சிமெண்டு பெஞ்சு. நாலு பக்கமும் திறப்பு. நெற்றியில் நீலப் பலகை: மகளிர் ஒதுங்குமிடம்.

"மழைக்கு ஒதுங்கலாம், வெயிலுக்கு ஒதுங்கலாம்," என்றான் கங்காணி தங்கபாண்டி, ரிப்பனைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டே. "வேற என்ன தலைவரே வேணும்?"

தொழிலாளர் அதிகாரியிடம் ஓடினேன். அவர் ஒப்பந்தத்தை இரண்டுமுறை படித்தார். "நீங்க கேட்டது ஒதுங்குமிடம். அவங்க கட்டினது ஒதுங்குமிடம். நீங்க மனசுல நெனச்சதை நான் எப்படிப் படிக்க முடியும்?" என்றார். ஒப்பந்தம் மூன்று வருடம் செல்லும், அதுவரை அதே கோரிக்கையை மறுபடி எழுப்பக் கூடாது என்ற வரியையும் விரலால் காட்டினார். அந்த வரியும் நான் எழுதியதுதான்.

அந்தக் கொட்டகை திறந்த மறுவாரம் இசக்கிக்கு நின்றது. சாப்பாட்டு வேளையில் அதன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள், அடிவயிற்றில் எப்போதும் இருக்கிற கல் இல்லாததுபோல இருக்கவே, எழுந்து நின்று பார்த்திருக்கிறாள். இல்லை. வீட்டுக்கு வந்து கொல்லைக் கழிப்பறைக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, "எனக்கு இனி போக வேண்டியதில்லைங்க," என்றாள். பஸ் இனி இந்தப் பக்கம் வராது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் துண்டறிக்கை திருத்திக்கொண்டிருந்தேன். "நல்லதுதானே," என்றேன்.

பத்து நாளில் ஏழு பெண்களுக்கு, ஒரு மாதத்தில் நாற்பத்தொரு பேருக்கும் நின்றுவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஆளுக்கொரு சிறு டப்பா கொடுத்தனுப்பினார். நாற்பத்தொரு டப்பாவும் உலர்ந்தபடியே திரும்பி வந்தன. பதிவேட்டில் நாற்பத்தொரு பெயருக்கு நேரே "மாதிரி இல்லை" என்று எழுதினார். ரத்தத்தைச் சோதித்தார், சுத்தமாக இருந்தது. வீக்கம் இல்லை, வலி இல்லை. மூத்திரப்பைக்கு இரண்டு கதவு, உள்கதவு தானாகத் திறக்கும், வெளிக்கதவு மட்டும்தான் நம் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று படம் போட்டு விளக்கிய அவர், இவர்கள் வெளிக்கதவுக்குச் சொல்லிச் சொல்லி உள்கதவும் கேட்கத் தொடங்கிவிட்டதோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். "அப்போ குடிக்கிற தண்ணியெல்லாம் எங்கே போகுது?" என்று நான் கேட்டதற்கு, "அதைத்தான் நானும் கேக்கிறேன்," என்றார். பிறகு டெங்கு வந்தது, அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் கொண்டாட்டம். இருபது வருட தாகத்தைப் பெண்கள் தீர்த்துக்கொண்டார்கள். வரப்பில் நின்று குடம் குடமாகக் குடித்தார்கள், பதநீர் குடித்தார்கள், சர்பத் குடித்தார்கள், ஒரு பயமும் இல்லாமல் தர்பூசணி தின்றார்கள். பக்கத்து உப்பளங்களின் பெண்கள் என்ன சாப்பிட்டீர்கள், எந்தக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டீர்கள் என்று கேட்டுவந்தார்கள். பதில் கிடைக்காமல், ஒதுங்குமிடத்தின் இரும்புக் காலில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுக் கழிப்பறைகளில் விறகு ஏறியது, கோழி அடைந்தது. பெண் பார்க்க வந்தவர்களிடம், தருவைமேட்டுப் பிள்ளை, ஒதுங்கவே வேண்டாம் என்று தரகர் தனியாக எடுத்துச் சொன்னார். தங்கபாண்டி சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக வெட்டினான். முதலாளி மற்ற முதலாளிகளைக் காரில் அழைத்துவந்து வரப்போரம் நிறுத்தி எங்கள் பெண்களைக் காட்டினார். அவர்கள் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டு, நம் இடத்திலும் இப்படி ஒரு கொட்டகை போட்டால் என்ன என்று பேசிக்கொண்டு போனார்கள். நான் கேட்ட ஒன்றைக் கொடுக்காமலே தேவையில்லாததாக்கிவிட்டார்கள். அந்தத் தோல்விக்கு எதிராக எந்த முழக்கமும் என்னிடம் இல்லை.

விலங்குகள்தான் ஏற்றுக்கொள்ளவில்லை. விலங்குகளுக்கு மூத்திரம் கழிவு மட்டும் அல்ல, அதுவும் அந்தப் பிரசுரத்தில் இருந்தது. நாய்க்கு அது பத்திரிகை: யார் வந்தார், ஆணா பெண்ணா, பசித்தவரா, நோயாளியா, இந்த எல்லை யாருடையது என்று ஒரு கம்பத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தன் பங்குச் செய்தியையும் எழுதிவிட்டுப் போகும். கிடாய் ஆடு பெட்டையின் மூத்திரத்தை முகர்ந்து மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்த்து நிற்பது, அவள் சினைக்கு நிற்கிறாளா என்று படிப்பதற்கு. பட்டா, பத்திரம், ஜாதகம், விண்ணப்பம் எல்லாமே அவற்றுக்கு அந்த ஒரு நீரில்தான்.

முதலில் தெருநாய்கள் எங்கள் பெண்களைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தின. அயலூர்த் தெருவழியே நாற்பது பேர் நடந்தாலும் ஒரு நாய் தலை தூக்கவில்லை. பெண்கள் இதையும் நல்லதென்றே எடுத்துக்கொண்டார்கள். பிறகு கொசு கடிப்பதை நிறுத்தியது. பிறகு ஒருநாள் நடுப்பகலில், நான் பார்த்துக்கொண்டிருக்க, பாத்தி நடுவே பலகையை ஊன்றி நின்ற இசக்கியின் தோளில் ஒரு நீர்க்காகம் வந்து உட்கார்ந்தது. கழிமுகத்துக் கம்பத்தில் உட்கார்வது போலவே உட்கார்ந்து, இரண்டு சிறகையும் விரித்து வெயிலில் காயவைத்தது. பறவைக்கு மூத்திரம் தனியாக இல்லை, பறக்கிற உடம்பு தண்ணீர் சுமக்க முடியாது என்பதால் எல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பாகவே விழும். அது இசக்கியின் முதுகில் விழுந்தது. அவள் அசையவில்லை.

மறுநாள் உப்பளத்து வாசல்நாய் செவலை ஒதுங்குமிடத்துக்கு வந்தது. இரும்புக் கால் ஒன்றை முகர்ந்தது, இரண்டாவதை முகர்ந்தது. பக்கத்தில் நின்ற இசக்கியின் கணுக்காலை முகர்ந்தது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதுபோல மெதுவாக முகர்ந்துவிட்டு, திரும்பி, பின்னங்காலைத் தூக்கி அவள்மேல் பெய்தது.

நாற்பது பெண்களும் பார்த்தார்கள். ஒருத்தியும் நாயை விரட்டவில்லை. அவள் புடவை நுனி நனைந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இந்தக் கட்டத்தில்தான் பேச்சிக்கனி சங்க அலுவலகத்துக்கு வந்தாள். நாற்பத்தொரு பேரில் ஒருத்தி, முப்பது வயதுக்காரி, நாக்கில் உறை கிடையாது, பத்து மாதப் பெண்குழந்தை ஒன்று அவளுக்கு. குழந்தையைப் பகலில் அவள் மதினி பார்த்துக்கொண்டாள். வந்தவள் குழந்தையைத் தரையில் இறக்கிவிட்டு, எதிரே நின்றாள்.

"பாருங்க அண்ணாச்சி."

குழந்தை தவழ்ந்து அவளிடம் வந்தது. அவள் புடவையைப் பிடித்தது, முழங்காலைப் பிடித்தது, பிடித்துக்கொண்டு எழுந்து நின்றது. நின்று, ஒரு கை அவள் தொடையில் ஊன்றியபடியே, அறை முழுக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. உதடு பிதுங்கியது. அழத் தொடங்கியது.

"யாரத் தேடுதுன்னு தெரியுதா?"

எனக்குத் தெரிந்தது.

"என்னைத்தான் தேடுது. என்னைப் பிடிச்சிக்கிட்டே என்னைத் தேடுது. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கு. பாலுக்கு எடுத்தா செவத்துல வச்ச மாதிரி முகத்த வச்சிக்கிட்டுக் கெடக்கு. மதினி வந்து தொட்டாத்தான் வாயத் தொறக்கு. நேத்து எங்க ஆடு என் முட்டியில வந்து முதுகச் சொறிஞ்சிட்டுப் போவுது, தூண்ல சொறியிற மாதிரி." அவள் குரல் உயரவில்லை. "இப்போ ஆடும் நாயும் பிள்ளையும். அடுத்தது எங்க வீட்டுக்காரரு. அப்புறம் நானே கண்ணாடியில பாத்துட்டு யாருன்னு கேப்பேன். ஏதாவது செய்யணும்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். செய்வது என்றால் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "உண்ணாவிரதம் அறிவிப்போம். சாகும்வரை."

"விரதமா?" பேச்சிக்கனி என்னைப் பார்த்த பார்வையை நான் தடியடியில்கூட வாங்கியதில்லை. "தண்ணிகூடக் குடிக்காம இருபது வருசம் விரதம் இருந்துதான அண்ணாச்சி இந்தக் கதிக்கு வந்தோம்? நாங்க குடிக்கப் போறோம். நாப்பத்தொரு பேரும், உங்க ஒதுங்குமிடத்துல உக்காந்து, வரும்வரைக்கும் குடிக்கப் போறோம். நீங்க புதுசா ஒரு கோரிக்கை எழுதி அங்கன வாசிக்கணும். ஒரே ஒரு கோரிக்கை. சொல்லைத் திருத்தி எழுதுங்க."

"ஒப்பந்தம் இருக்கே..."

"அது ஒதுங்குமிடத்துக்கு. நாங்க கேக்கது வேற. அதோட பேர எழுதுங்க."

பேனாவை எடுத்தேன். எழுதினேன். அந்தச் சொல்லின் ஐந்து எழுத்துக்குள் மூன்று முறை மை சிந்தியது.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பத்தொரு பெண்களும் பலகைகளை வரப்பில் சாத்திவிட்டுக் கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தார்கள். குடங்கள் வந்தன. குடித்தார்கள். நான் நாற்பது வருடத்தில் எத்தனையோ மறியல், எத்தனையோ முற்றுகை பார்த்தவன், அதுபோல ஒரு அமைதியான போராட்டத்தைக் கண்டதில்லை. டம்ளர் குடத்தில் முட்டுகிற சத்தம், தொண்டைகள் விழுங்குகிற சத்தம், மறுபடி டம்ளர். எட்டு மணி, ஒன்பது மணி, பத்து மணி. வயிறுகள் இறுகின. ஒரு சொட்டும் வரவில்லை. நீர்க்காகங்கள் வந்து வரிசையாகக் கொட்டகையின் விளிம்பிலும், விளிம்போரம் உட்கார்ந்த பெண்களின் தலையிலும், வேறுபாடு தெரியாமல் அமர்ந்தன. இசக்கி மூலையில் இரும்புக் காலோரம் உட்கார்ந்து, கொடுத்த டம்ளரையெல்லாம் மறுக்காமல் குடித்தாள்.

பதினொரு மணிக்கு முதலாளி நான்கு விருந்தாளிகளோடு காரில் வந்து இறங்கினார். தங்கபாண்டி குடையோடு ஓடினான். திரும்பி எங்களிடம் வந்தான்.

"ஏளா, குடிச்சு என்ன செய்யப் போறீய? ஒட்டகமாட்டம் சேத்து வைக்கப் போறீயளா? தலைவரே, கூட்டத்தக் கலைங்க. உள்ளதும் போயிரும்."

அந்த நேரம்தான், சாலையோரம் குழந்தையோடு நின்ற மதினி அங்கிருந்தே கத்தினாள்: "பேச்சி, பிள்ளை உன் பக்கம் பாக்கவே மாட்டேங்குட்டி!" பேச்சிக்கனி எழுந்து குழந்தையைக் கூப்பிட்டாள். பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கைதட்டினாள். குழந்தை அவளுக்குப் பின்னால் இருந்த உப்பு அம்பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பேச்சிக்கனி திரும்பி என்னைப் பார்த்தாள். "வாசிங்க."

பெஞ்சின்மேல் ஏறினேன். ஒலிபெருக்கியை வாயருகே வைத்தேன். "உழைக்கும் தாய்மார்களே," என்று தொடங்கி, "ஒப்பற்ற சகோதரிகளே," என்று தொடர்ந்து, காகிதத்தைப் பிரித்து, முதல் எழுத்தைச் சொன்னேன். "மூ..." என்றேன். நின்றுவிட்டேன். முதலாளி பார்க்கிறார். விருந்தாளிகள் பார்க்கிறார்கள். "மூ..." என்று மறுபடி சொன்னேன். ஒலிபெருக்கி அதைப் பாத்தி பாத்தியாக எடுத்துப்போய்க் கடலில் போட்டது.

"சொல்லுங்க அண்ணாச்சி," என்றாள் பேச்சிக்கனி. "நாக்கு வெந்துராது."

கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்: "மூத்திரம் பெய்ய இடம் வேண்டும்!"

பழக்கம் விடவில்லை. நாற்பத்தொரு முஷ்டி உயர்ந்தது. "வேண்டும்! வேண்டும்!" என்றார்கள். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் எனக்குள்ளும் பழைய ரத்தம் ஏறி, எந்தப் போராட்டத்திலும் அடுத்து எது வருமோ அதை, யோசிக்காமல், அடிவயிற்றிலிருந்து முழங்கினேன்:

"விடமாட்டோம்! விடமாட்டோம்! கோரிக்கை வெல்லும்வரை... விடமாட்டோம்!"

பதில் முழக்கம் வரவில்லை. குனிந்து பார்த்தேன். பேச்சிக்கனி வாயைப் பிளந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி," என்றாள், "விடத்தான வந்திருக்கோம்!"

பிறகு பின்வரிசையில் யாரோ மூக்கால் ஒரு சத்தம் போட்டாள். அது பக்கத்தவளைத் தொற்றியது. "தலைவரு விடமாட்டாராம்ளா!" என்று ஒருத்தி சொல்ல, "அப்போ நம்ம என்ன செய்ய?" என்று இன்னொருத்தி கேட்க, கொட்டகை உடைந்தது. சிரித்தார்கள். இருபது வருடமாகச் சிரிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்ட உடம்புகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, முகத்தை மூடி, மூடிய கைக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சிரித்தன. தலையில் உட்கார்ந்திருந்த நீர்க்காகங்கள் கம்பங்கள் என்று நினைத்தவை குலுங்கியதும் அலறிக்கொண்டு பறந்தன. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் பேச்சிக்கனியிடமிருந்து. "ஐயோ, வருது," என்றாள். "ஏளா, வருது!" சிரித்தால் போச்சு என்று இசக்கி சொன்னது சரிதான். போயிற்று. புடவைகளுக்கு அடியிலிருந்து, சிமெண்டுத் தரையின் சரிவைத் தேடி, நாற்பது ஓடைகள் ஒன்றுசேர்ந்த நீர், மகளிர் ஒதுங்குமிடத்தை விட்டு இறங்கி வரப்பைக் கடந்து முதலாளியின் செருப்பை நோக்கி வந்தது. அவர் பின்னால் நகர்ந்தார். அது வந்தது. விருந்தாளிகள் காரில் ஏறினார்கள்.

அப்போது ஊர்ப்பக்கமிருந்து நாய்கள் குரைத்தன. ஒன்று, மூன்று, பிறகு அந்த வட்டாரத்தின் எல்லா நாய்களும். வரப்பு வரப்பாக ஓடிவந்தன. செவலை எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து, கொட்டகை வாசலில் நான்கு காலையும் ஊன்றி, ஒவ்வொரு பெண்ணாகப் பார்த்து, முன்பின் தெரியாத நாற்பது பேர் திடீரென்று வந்து நிற்பதுபோலக் குலைநடுங்கக் குரைத்தது. பெண்கள் பயந்து பின்வாங்கினார்கள், பயந்துகொண்டே அழுதார்கள். சாலையில் குழந்தை தலையைத் திருப்பியது. மூக்கைச் சுருக்கியது. பிறகு மதினியின் இடுப்பிலிருந்து உடம்பையே வில்லாக வளைத்து, இரண்டு கையையும் நீட்டி, பேச்சிக்கனியைப் பார்த்து வீறிட்டது. நனைந்த புடவையோடு அவள் ஓடினாள்.

மூன்று மாதத்தில் கதவும் சுவரும் தண்ணீரும் உள்ள ஆறு அறைகள் வந்தன. சாவி தங்கபாண்டியிடம் இருக்கட்டும் என்றார்கள். பேச்சிக்கனி வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். கதவில் என்ன எழுதுவது என்று பெயிண்டர் வந்து என்னைக் கேட்டான். எழுதிக் கொடுத்தேன். அவன் என்னைப் பார்த்தான். அப்படியே எழுது என்றேன். இப்போதும் அந்தச் சொல் அங்கே இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் படித்துவிட்டு ஓடுவார்கள்.

நாற்பது பேர் என்று சொன்னேன். பெண்கள் நாற்பத்தொரு பேர்.

அன்று எல்லோரும் போன பிறகு கொட்டகை மூலையில் இசக்கி உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றித் தரை நனைந்திருந்தது. அவள் உட்கார்ந்த இடம் மட்டும் உலர்ந்திருந்தது. முழக்கத்துக்கு எல்லோரையும்விட ஒழுங்காகக் கையை உயர்த்தியவள் அவள்தான். "ஏன் இசக்கி, சிரிக்கலையா?" என்றேன். "வந்தாச் சிரிக்க மாட்டேனாங்க?" என்றாள். "எங்கன வச்சேன்னு தெரியலை."

அவள் இன்னும் வேலைக்குப் போகிறாள். நீர்க்காகம் இப்போது அவள்மேல் மட்டும் உட்காருகிறது. செவலையும் வரும். பேச்சிக்கனி கல்லெடுத்து விரட்டுவாள். நான் தினமும் சாப்பாட்டு வேளையில் அந்தக் கொட்டகைக்குப் போய் என் மனைவிக்கு எதிரே உட்கார்ந்து, நாற்பது வருடம் மேடையில் சொல்லக் கூசிய அந்த ஒரு சொல்லை, அந்த ஒரே ஒரு ஆளுக்காகச் சொல்கிறேன். ஒலிபெருக்கிக் குரலில் சொல்கிறேன், முதலாளி குரலில் சொல்கிறேன், மூக்குக்கண்ணாடியைக் கீழே இறக்கித் தொழிலாளர் அதிகாரி மாதிரி படித்துக் காட்டுகிறேன், "மூ..." என்று திக்கிக் காட்டுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் சிரித்துவிட்டு ஆறு அறைகளுக்கு ஓடுகிறார்கள். இசக்கி சோற்றைப் பிசைந்தபடி, "சின்னப்பிள்ளை மாதிரி என்னங்க இது," என்கிறாள்.

நேற்றும் அப்படித்தான் சொன்னாள். சொல்லும்போது வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள், அது புதிது. செவலை வந்தது. பேச்சிக்கனி கல்லுக்குக் குனிந்தாள், நான் கைகாட்டி நிறுத்தினேன். நாய் இசக்கியின் கணுக்காலை முகர்ந்தது. திரும்பிப் பின்னங்காலைத் தூக்கியது. தூக்கியபடியே நின்றது. பிறகு காலை இறக்கி, கழுத்தை வளைத்து, கீழேயிருந்து மேலே அவள் முகத்தைப் பார்த்தது.

நான் அந்தச் சொல்லை மறுபடி சொன்னேன்.